முதலாளி பிறக்கவே இல்லை: பிரிட்டன் கம்பெனிப் பதிவேட்டின் கதை

ஷெல் கம்பெனி பற்றிப் போன எபிசோடில் பேசினோம். கேட்டுவிட்டுச் சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீர்கள்: "கம்பெனியோட உண்மையான முதலாளி யாருன்னு ஒரு பட்டியல் போட்டு வெளியிட்டா பிரச்சினை முடிஞ்சிடாதா?" பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. என்ன ஆச்சுன்னு பார்ப்போம்.

2016 முதல் அங்கே ஒரு கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ ஓட்டுரிமையோ வைத்திருப்பவர் யார் என்று, 'கம்பெனிஸ் ஹவுஸ்' என்ற அரசுப் பதிவகத்தில் சொல்லியாக வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

நல்ல திட்டம்தான். ஆனால் நான் வேலையில் அடிக்கடி பார்க்கும் தப்பு அதில் இருந்தது. ஃபார்ம் இருக்கு, வாலிடேஷன் இல்லை. எழுதிக் கொடுத்தது நிஜமா என்று யாரும் சரிபார்க்கவில்லை. குளோபல் விட்னஸ் அமைப்பு 2018-ல் அந்தத் தரவை மொத்தமாக எடுத்து அலசியது. உரிமையாளர்களில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு வயது கூட ஆகவில்லை! ஒருவர் இன்னும் பிறக்கவே இல்லை.

இன்னொரு கூத்து. இந்த ஓட்டையைக் காட்டுவதற்காகவே கெவின் ப்ரூவர் என்ற தொழிலதிபர் 2013-ல், அப்போதைய வணிக அமைச்சர் வின்ஸ் கேபிளின் பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். செய்ததை அமைச்சருக்கே எழுதியும் சொன்னார். 2018-ல் வழக்கு வந்தது. யார் மேல? அவர் மேலேயே! அபராதமும் விழுந்தது. பக் ரிப்போர்ட் பண்ணினவனையே வேலையை விட்டுத் தூக்குற மாதிரி.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியா கிளை வழியாக 2007 முதல் 2015 வரை வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சுமார் 20,000 கோடி யூரோ ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கியே பின்னால் ஒப்புக்கொண்டது. அந்த வாடிக்கையாளர்களில் பிரிட்டனில் பதிவான நிறுவனங்கள் ஏராளம். 'பிரிட்டிஷ் கம்பெனி' என்ற பெயரே ஒரு முகமூடியாகப் பயன்பட்டது.

2023-ல்தான் சட்டம் மாறியது. தகவலைக் கேள்வி கேட்கவும் நிராகரிக்கவும் பதிவகத்துக்கு அதிகாரம் வந்தது. 2025 நவம்பரில் இருந்து, புதிதாக வரும் இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும்.

அப்போ பட்டியலே வீணா? இல்லை. திறந்து வைத்ததால்தான் பிறக்காத முதலாளி மாட்டினார். பூட்டி வைத்திருந்தால் அந்தப் பொய் அரசாங்க முத்திரையோடு அப்படியே இருந்திருக்கும். திறந்து வைக்கவும் வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.