தாயாரைச் சேவிக்கத் தனியே

பெருமாள் மலைமேல், தாயார் கீழே, திருச்சானூரில். திருப்பதியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு முன் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே போக வேண்டுமென்றால் வீடே கிளம்ப வேண்டும். மாமியார், கொழுந்தன், மொட்டை போட வேண்டிய பிள்ளை, கட்டுச்சோற்று மூட்டை. அவள் நினைத்த நாளில் நடக்காது. யாருக்காவது முடியிறக்கும் வேண்டுதல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காலம் கெட்டுக் கிடக்கிறது, வழியில் பயம் என்றார்கள். அது பாதிதான் உண்மை என்பேன். பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், திரும்பியதும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். இதற்குப் பயந்தே ஆசையை விட்டவர்கள் அதிகம்.

ஆனால் பெருமாளின் அந்த மலையிலேயே 18ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் தனியாக வாழ்ந்திருக்கிறார். தரிகொண்டா வெங்கமாம்பா. பழைய சித்தூர் சீமையில் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். வேங்கடவனே என் கணவன் என்று சொல்லிப் பொட்டையும் பூவையும் விட மறுத்தார். தலையை மழிக்கச் சொன்னவர்களை எதிர்த்து நின்று, கடைசியில் பிறந்த ஊரை விட்டுத் திருமலைக்கே வந்தார் என்பார்கள். ஆள் நடமாட்டமில்லாத தும்புரு தீர்த்தத்தில் தவமிருந்ததாகவும் சொல்வார்கள். தெலுங்கில் காவியங்கள் எழுதினார். 1817இல் மறையும்வரை மலைதான் வீடு. இன்றும் ஏகாந்த சேவையில் அவர் பெயரால் முத்தியால ஆரத்தி நடக்கிறது. திருமலையில் நாம் உட்கார்ந்து சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடத்துக்கும் அவர் பெயர்தான். உள்ளே போகுமுன் அந்தப் பெயரை நின்று படியுங்கள் என்று தோழிகளிடம் சொல்வேன்.

இன்று தாயார் சன்னதி வரிசையில் தனியாக நிற்கும் பெண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பலர் மாணவிகள். தாயார் பெயரில் 1983இல் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம் திருப்பதியில்தான் இருக்கிறது. வெளியூர்ப் பெண்கள் தனியே தங்கிப் படிப்பதை இந்த ஊருக்குப் பழக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரப் பெண்களுக்குப் பல்லெவெலுகு போன்ற பஸ்களில் கட்டணமில்லை. தமிழ்நாட்டில் 2021இலேயே சாதாரண நகரப் பேருந்துகளில் அது வந்துவிட்டது. எல்லை தாண்டினால் நாம் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் யாரிடமும் காசு கேட்காமல் தினமும் பஸ் ஏறிப் பழகியவளுக்கு அடுத்த ஊருக்குப் போகும் துணிச்சலும் தானாக வருகிறது.

மாறாதது இரவு. திருமலையில் தனியாளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், அறை கிடைப்பதில்லை, பொதுக்கூடமும் லாக்கரும்தான். இதை மாற்றியே ஆக வேண்டும். தனியே வரும் பெண் பொழுது சாய்வதற்குள் ஓட வேண்டியிருக்கும்வரை, அவள் பயணம் முழுதாக அவளுடையது ஆகாது.

முதல்முறை கிளம்பும் தங்கைகள் மலையில் தொடங்க வேண்டாம், திருச்சானூரில் தொடங்குங்கள். காலையில் சென்னை சென்ட்ரலில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால், தாயாரைச் சேவித்து, பத்ம சரோவரப் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, மாலையில் அதே ரயிலில் திரும்பலாம். கார்த்திகை பஞ்சமி தீர்த்தத்தன்று மட்டும் வேண்டாம். தாயார் தாமரையில் அவதரித்த நாளென்று மலையிலிருந்து சீர் வரும்; குளம் கொள்ளாத கூட்டம். தனியாகப் போய்க் கொஞ்சம் பழகியபின் அதற்கும் போகலாம்.