நாய்க்குச் சிப் உண்டு, பதிவேடு எங்கே?

புது தில்லி: தலைநகர் வலயத்தின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 11-ல் பிறப்பித்த உத்தரவு, பதினொரு நாள்களில் மூன்று நீதிபதிகள் அமர்வால் திருத்தப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்க குணம் கொண்டவையும் மட்டுமே விலக்கு என்றது ஆகஸ்ட் 22 உத்தரவு. பள்ளி, மருத்துவமனை, பேருந்து மற்றும் ரயில் நிலைய வளாகங்களில் பிடிபடும் நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது என்று நவம்பர் 7-ல் இன்னோர் உத்தரவு வந்தது. இந்த மூன்றைப் பற்றியும் நிறையவே விவாதிக்கப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று உண்டு. கதவு திறந்திருந்த நேரத்தில் வெளியே ஓடிவிட்ட வீட்டு நாய் ஒன்று மாநகராட்சி வண்டியில் ஏற்றப்பட்டால், அது வீட்டு நாய் என்பது எப்படித் தெரியும்?

லாப்ரடார், பொமரேனியன் என்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் நாட்டு நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. கழுத்துப் பட்டை கழன்றுவிட்டால் அதுவும் தெருநாய்தான்.

இதற்கு அரசுகள் கண்டிருக்கும் விடை மைக்ரோசிப். இரண்டு ஆண்டுகளில் 10 லட்சம் தெருநாய்களுக்குச் சிப் பொருத்தப்படும் என்று 2025 செப்டம்பரில் தில்லி அரசு அறிவித்தது. வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்துடன் சிப்பையும் கட்டாயமாக்கிய சென்னை மாநகராட்சி, உரிமம் பெறாதவர்களுக்கு ரூ. 5,000 அபராதம் என்று அறிவித்து, பிறகு கெடுவைச் சில முறை நீட்டித்தது.

சிப் இருந்தால் நாய் எங்கே இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. தோளெலும்புகளுக்கு இடையே தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படும் இந்தச் சிப் அரிசி மணி அளவே உள்ளது. அதற்கு மின்கலம் இல்லை. எந்தச் செயற்கைக்கோளுடனும் அது பேசுவதில்லை. வாசிப்புக் கருவியைச் சில சென்டிமீட்டர் தொலைவில் கொண்டுவரும்போது, அக்கருவியின் அலையிலிருந்தே மின்சக்தி பெற்று 15 இலக்க எண் ஒன்றைத் திருப்பிச் சொல்லும். அவ்வளவே. அந்த எண்ணுக்கு உரியவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன என்பதெல்லாம் சிப்பில் இல்லை. எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். கண்டெடுத்தவரிடம் கருவியும் இருந்து, அவருக்கு எட்டும் இடத்தில் பதிவேடும் இருந்தால்தான் நாய் வீடு திரும்பும்.

இருப்பிடத்தைக் காட்டுவது கழுத்துப் பட்டையில் மாட்டும் ஜிபிஎஸ் கருவி. செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிந்து, சிம் அட்டை மூலம் உரிமையாளருக்கு அனுப்பும். மின்கலத்தை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும்; அடித்தள வாகன நிறுத்தங்களில் தடுமாறும். வழிதவறிய நாய்க்கு இது நல்ல துணை. திருடனுக்கோ ஒரு கத்தரிக்கோல் போதும். 2021-ல் சந்தைக்கு வந்த ஆப்பிள் ஏர்டேகைப் பலர் நாயின் கழுத்தில் கட்டுகின்றனர். அது பொருள்களுக்கானது, செல்லப் பிராணிகளுக்கானது அல்ல என்பது அந்நிறுவனத்தின் நிலை. அருகில் செல்லும் ஐபோன்களை நம்பியே அது இயங்குகிறது. ஆண்ட்ராய்டு போன்களே மிகுந்த நாட்டில் அந்த வலை அடர்த்தியானதன்று. தவிர, பிறரை வேவு பார்க்க அது பயன்படாமல் இருக்க, அறிமுகமில்லாத ஏர்டேக் உடன் வருவதாக அருகிலுள்ளவரின் போனுக்கு எச்சரிக்கை போகும். திருடனுக்கே தகவல் சொல்லும் கருவி!

விலை இல்லாத நாய்: கருவி தடயம் தந்தாலும், அடுத்து காவல் நிலையம் போக வேண்டும். அங்கே நிற்பது சட்டம். பையில் இரையை வைத்துப் பிறர் நாயைத் தன் பின்னால் வரச் செய்பவன், நாய் பின்தொடரத் தொடங்கிய கணமே திருடனாகிறான் என்ற எடுத்துக்காட்டு 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுக்கும் அது அப்படியே வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது வேறொன்று. திருடப்பட்ட பொருளின் மதிப்பு ரூ. 5,000-க்குக் குறைவாக இருந்து, முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. அத்துடன், இத்தகைய சிறு திருட்டை நீதித்துறை நடுவரின் அனுமதியின்றிப் போலீஸார் விசாரிக்க முடியாது. பிடியாணையின்றிக் கைது செய்யவும் முடியாது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 100-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறி, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டங்கள் இவை. ரசீதோடு வாங்கிய வெளிநாட்டு இன நாய்க்கு விலை உண்டு. சாக்கடை ஓரத்திலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு என்ன விலை எழுதுவது?

பிரிட்டன் இதை வேறு விதமாக அணுகியது. நாய்களுக்குச் சிப் இங்கிலாந்தில் 2016 முதல் கட்டாயம். 2024-ல் இங்கிலாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் இயற்றப்பட்ட செல்லப்பிராணி கடத்தல் சட்டத்தின்படி, நாயையோ பூனையையோ கடத்துபவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பிராணியின் சந்தை மதிப்பு அங்கே கேள்வியே அல்ல. அங்கும் சிப் விவரங்கள் பல தனியார் தரவுத்தளங்களில் சிதறிக் கிடக்கின்றன என்ற குறை உண்டு.

இந்தியாவில் அந்தக் குறை இன்னும் ஆழமானது. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான 2017-ம் ஆண்டு மத்திய விதிகள் விற்பனையாளருக்குச் சிப்பைக் கட்டாயமாக்குகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப், தான் பதிவு செய்யும் நாய்களின் சிப் எண்களை வைத்திருக்கிறது. சிப் விற்கும் நிறுவனங்கள் தனிக் கணக்கு வைக்கின்றன, மாநகராட்சிகள் தனித்தனியே. தில்லியில் தொலைந்து ஹரியாணாவில் கண்டெடுக்கப்படும் நாயின் எண்ணை ஒரே இடத்தில் தேடிப் பார்க்க நாடு தழுவிய பொதுப் பதிவேடு கிடையாது.

மத்திய அரசுக்கு இது தெரியாத வித்தை அல்ல. மாடுகளுக்கும் எருமைகளுக்கும் காதில் 12 இலக்க அடையாள வில்லை மாட்டி, 'பாரத் பசுதன்' தரவுத்தளத்தில் ஏற்றிவருவதும் அதே அரசுதான். பால் தரும் பிராணிக்குக் கிடைத்த எண் காவல் காக்கும் பிராணிக்குக் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் தெருநாய் பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம், அரசமைப்புச் சட்டத்தின் 243டபிள்யூ, 246 ஆகிய பிரிவுகளைச் சுட்டி, அது உள்ளாட்சிகளின் பொறுப்பு என்று கால்நடைத் துறை பதில் தருவது வழக்கமாகிவிட்டது. உள்ளாட்சியின் எல்லை முடியும் இடத்தில் நாய் நின்றுவிடுவதில்லை.

பதிவேடு வந்தாலும் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடாது. திரிணமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ராவுக்கும் வழக்கறிஞர் ஜெய் ஆனந்த் தேகாத்ராய்க்கும் இடையே 'ஹென்றி' என்ற ராட்வைலர் யாரிடம் இருப்பது என்ற தகராறு தில்லி நீதிமன்றங்கள் வரை சென்றது. சிப் சொல்வது யார் பெயரில் பதிவு என்பதை. யாருக்கு உரிமை என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, நாய்க்குச் சிப் பொருத்திக்கொள்வோர் எண் எந்தப் பதிவேட்டில் ஏறியது என்று கேட்டுப் பெறுவதும், வீடோ கைப்பேசி எண்ணோ மாறினால் அங்கே திருத்துவதும், சிப் இன்னும் பதில் சொல்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பதும் அவசியம். பட்டையையும் கழற்றிவிட வேண்டாம். 1957-ம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399-வது பிரிவு அறிந்த அடையாளம், பட்டையில் தொங்கும் உலோக வில்லை ஒன்றே. அது இன்றிப் பொது இடத்தில் பிடிபடும் நாயை உரியவர் வந்து கட்டணம் செலுத்தி மீட்டுக்கொள்ள அந்தப் பிரிவு தரும் அவகாசம் ஒரு வாரம்.