முதுமைப் புள்ளி

முதுமைப் புள்ளி என்பது வெயில் நெடுங்காலம் பட்ட தோலில், பெரும்பாலும் நடுவயதிற்குப் பின், தோன்றும் தட்டையான பழுப்பு அல்லது கரும்பழுப்பு நிறப் புள்ளி ஆகும். இது வயதுப் புள்ளி, வெயில் புள்ளி என்றும் அழைக்கப்படுகின்றது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரைத் தழுவிக் கல்லீரல் புள்ளி என்று கூறுவோரும் உளர். ஆயினும் இதற்கும் கல்லீரலுக்கும் தொடர்பு இல்லை. இப்புள்ளி தீங்கற்றது. எனினும், இதனைப் போலவே தோன்றும் வேறு சில நோய்களை இதிலிருந்து பிரித்தறிவது இன்றியமையாதது.

தோன்றும் விதம்

தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் நிறமிச் செல்கள் (மெலனோசைட்டுகள்) உள்ளன. இவை டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, டைரோசினேசு என்னும் நொதியின் துணையுடன், மெலனின் என்னும் கருநிறமியை உருவாக்குகின்றன. கதிரவனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து செல்களின் மரபுப் பொருளைக் காப்பது மெலனினின் பணியாகும். பல ஆண்டுகள் வெயில் படும் இடங்களில் நிறமிச் செல்கள் மிகுந்து, ஓரிடத்திலேயே கூடுதலான மெலனினைச் சேர்க்கின்றன. அதுவே புள்ளியாகத் தெரிகிறது. எனவே முகம், புறங்கை, முன்கை, தோள், மேல்முதுகு ஆகிய இடங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. வெயில் குறையும் காலத்தில் மங்கும் இளவயதுப் புள்ளிகளைப் போல் அல்லாமல், முதுமைப் புள்ளி தானாக மறைவதில்லை.

விக்கிரவாண்டிப் பகுதியில்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள விக்கிரவாண்டி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலும் ஆகத்து மாதப் பிற்பகுதியிலும் நண்பகலில் கதிரவன் இங்கு நேர் உச்சியில் நிற்கும். நெல், கரும்பு, மணிலா பயிரிடப்படும் இவ்வட்டாரத்தில் நாள் முழுதும் வெட்டவெளியில் உழைப்போர் பலர். கருந்தோலில் மெலனின் மிகுதியாக இருப்பதால் வெள்ளைத் தோலினரை விட இவர்களுக்கு முதுமைப் புள்ளி குறைவாகவே தோன்றுகிறது. ஆனால் பிற நிற மாற்றங்கள் பரவலாக உள்ளன.

ஒத்த தோற்றமுள்ளவை

* மங்கு: கன்னம், நெற்றி, மூக்கு ஆகியவற்றில் இருபுறமும் ஒத்த வடிவில் படரும் கருமை. பெண்களில் மிகுதி. கருவுற்ற காலத்திலும் தோன்றலாம்.
* முதுமை மரு: தோலில் ஒட்டவைத்தது போல் சற்றே உயர்ந்து, சொரசொரப்பாக இருக்கும்.
* கழுத்துக் கருமை: மென்பட்டு போல் தடித்துக் கறுக்கும். உடற்பருமன், நீரிழிவு ஆகியவற்றுடன் தொடர்புடையதாக இருக்கக்கூடும்.
* கரும்புற்று (மெலனோமா): அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. கருந்தோலினரில் இது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றுகிறது.

தடுப்பு

வெயிலைத் தவிர்ப்பதே முதன்மையான தடுப்பு. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை புற ஊதாக் கதிர்கள் வலுவாக இருக்கும். மெல்லிய மேகம் இவற்றைப் பெரிதும் தடுப்பதில்லை. களை எடுக்கும் பெண்கள் புடவையின் மேல் முழுக்கைச் சட்டை அணிவதும், தலையில் துண்டு கட்டுவதும் சிறந்த பாதுகாப்பாகும். குடையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அவ்வாறே பயன்படும்.

வெயில் காப்புக் களிம்பில் குறிக்கப்படும் எஸ்.பி.எஃப். எண், புற ஊதா பி கதிரைத் தடுக்கும் அளவைக் காட்டுகிறது. 30 என்னும் எண்ணுள்ள களிம்பு இக்கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், மிகுதியாக வியர்த்த பின்பும் மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பு கூடுதல் பயன் தரும். ஏனெனில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மங்கை மிகுவிக்கிறது.

சிகிச்சை

முதுமைப் புள்ளிக்குச் சிகிச்சை கட்டாயம் அன்று. தோற்றத்திற்காக விரும்புவோருக்குப் பின்வரும் முறைகள் உள்ளன.

* பூச்சு மருந்துகள்: ஐதரோகுயினோன், டிரெட்டினாயின், அசெலாயிக் அமிலம் ஆகியன. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். ஐதரோகுயினோனை அளவின்றி நெடுங்காலம் பூசினால் தோல் நீலக்கருமை அடையலாம். டிரெட்டினாயினைக் கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும்.
* உறைய வைத்தல்: -196 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர்ம நைதரசன் பயன்படுகிறது. நிறமிச் செல்கள் குளிரால் எளிதில் அழிவதால் கருந்தோலில் வெண்தழும்பு ஏற்படக்கூடும்.
* லேசர், வேதி உரிப்பு: கருந்தோலில் இவை புண்ணுக்குப் பிந்தைய கருமையைத் தோற்றுவிக்கலாம். தேர்ந்த தோல் மருத்துவரிடமே செய்துகொள்ள வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் கொப்புளித்து மேலும் கறுக்கும். புள்ளி, மரு ஆகியவற்றின் மீது சுண்ணாம்பு வைப்பது தோலை அரித்துத் தழும்பாக்கும்.

நிறம் தரும் என விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பருக்களும் முடியும் தோன்றும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். இந்திய அரசு 2018 ஆம் ஆண்டில் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றுள் சேர்த்தது.

பாதரசம் கலந்த களிம்புகள் டைரோசினேசைத் தடுத்து நிறத்தைக் குறைத்தாலும் சிறுநீரகத்தைப் பழுதாக்குகின்றன. 2023 இல் நடந்த மினமாட்டா உடன்படிக்கை மாநாடு, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025 ஆம் ஆண்டுடன் நிறுத்த முடிவு செய்தது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

புள்ளி விரைந்து பெரிதாதல், விளிம்பு ஒழுங்கற்றிருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், அரிப்பு, குருதிக் கசிவு, ஆறாத புண், நகத்தில் புதிதாகத் தோன்றி அகலும் கருங்கோடு ஆகியவற்றில் ஒன்று இருப்பினும் களிம்பு எதுவும் பூசாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவையாயின் சிறு தோல் துண்டை எடுத்து ஆய்வர். விக்கிரவாண்டிக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரி சிப்மர் மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன.