சதைத்துண்டு சொல்லும் செய்தி: நோயியல் வைத்தியர் ஒருவர் உருவாகும் வழி

டயகமவில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். காலையில் மலைக்கு ஏறும்போது மடியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. குளிருக்கும் பசிக்கும் அதுவே துணை. சில மாதங்களாகக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படை. காரம் பட்டால் எரிகிறது. வாயும் முன்போல அகலத் திறப்பதில்லை. பார்த்த பல் வைத்தியர், "சிறிய துண்டு ஒன்று வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சில கிழமை கழித்து வாருங்கள்" என்கிறார்.

அந்தச் சிறு துண்டு எங்கே போகிறது? அதைப் பார்ப்பவர் யார்? புற்றுநோயா இல்லையா என்று தீர்மானிக்கும் திறமையை அவர் எங்கே, எத்தனை ஆண்டுகளில் கற்கிறார்? நம் லயத்துப் பிள்ளை ஒருவர் அந்த இடத்துக்கு வர முடியுமா? இவற்றையே இக்கட்டுரையில் விளக்க முனைகிறோம்.

யார் இந்த நோயியல் வைத்தியர்?

நோயியல் என்றதும் பலருக்குப் பிரேத பரிசோதனைதான் நினைவுக்கு வருகிறது. சந்தேகத்துக்குரிய மரணங்களை ஆராய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. அவரது துறை வேறு. நோயியல் வைத்தியரின் பணி பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களுக்கானது. நோயாளி அவர் முகத்தைக் காண்பதில்லை. ஆனால் சத்திரசிகிச்சை வேண்டுமா, மார்பை அகற்ற வேண்டுமா, எந்த மருந்து கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பல வேளைகளில் அவர் எழுதும் சில வரிகளிலேயே தங்கியுள்ளது.

நோயின் இருப்பிடம் உடலின் கலங்களே என்ற கருத்தை ஜெர்மனிய வைத்தியர் ருடோல்ப் விர்க்கோ 1858இல் நூலாக வெளியிட்டு நிலைநாட்டினார். நம் நாட்டுக்கும் இத்துறையில் ஒரு பழைய தொடர்பு உண்டு. இத்தாலியரான அல்டோ கஸ்டெலானி கொழும்பில் பணிபுரிந்தபோது, இங்கு பறங்கி நோய் எனப்பட்ட கொடிய தோல் நோயின் கிருமியை 1905இல் நுணுக்குக்காட்டியில் கண்டார்.

இந்தியாவின் வி. ராமலிங்கசுவாமியும் ஒரு நோயியல் வைத்தியரே. இமயமலை அடிவாரத்துக் கங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக்கழலை நோயால் வருந்திய மக்களிடையே 1950களில் அயடீன் கலந்த உப்பைக் கொடுத்து ஆராய்ந்த குழுவை வழிநடத்தினார். இன்று நம் அடுப்படியில் உள்ள அயடீன் உப்பின் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது. நுணுக்குக்காட்டியின் முன் அமர்பவர் மக்களை மறந்தவரல்ல என்பதற்கு இது சான்று.

துண்டின் பயணம்

வெட்டியெடுத்த சதை உடனே போர்மலின் திரவத்தில் போடப்பட வேண்டும். துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு திரவமாவது இருக்க வேண்டும். வெறும் தண்ணீரிலோ உப்பு நீரிலோ வைத்தால் கலங்கள் சிதைந்துவிடும். பிறகு எத்தனை பெரிய நிபுணராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஆய்வுகூடத்தில் முதலில் வெறுங்கண்ணால் பார்த்து, அளந்து, தேவையான பகுதியை வெட்டியெடுப்பார்கள். பின் மதுசாரத்தால் அதிலுள்ள நீரை நீக்கி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு தடிப்பில் சீவுவார்கள். தலைமயிரை விட இது பன்மடங்கு மெல்லியது. அதைக் கண்ணாடித் தட்டில் ஏற்றிச் சாயமிட்டால் கலங்களின் கரு ஊதா நிறமாகவும் ஏனைய பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். இவ்வேலைகளைப் பெரும்பாலும் செய்பவர்கள் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள். அவர்கள் கை பிசகினால் வைத்தியரின் கண் பிசகும்.

அதன் பின்பே நோயியல் வைத்தியர் பார்க்கிறார். கலங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளனவா? கருக்கள் பெருத்துள்ளனவா? மேற்படையைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டனவா? நம் தாயின் வெள்ளைப் படை புற்றுநோய்க்கு முந்திய நிலையா, புற்றுநோயேதானா என்பது இக்கேள்விகளின் விடையில் உள்ளது. வாய் நோய்களுக்கெனவே இத்துறையில் பயிற்சி பெற்ற பல் வைத்திய நிபுணர்களும் உள்ளனர்.

பயிற்சியின் படிகள்

அமெரிக்காவில் இப்பயிற்சியை 'ரெசிடென்சி' என்பார்கள். வைத்தியசாலையிலேயே வதிந்து கற்பது என்பது அதன் பழைய பொருள். அங்கு நோயியலின் இரு பெரும் பிரிவுகளையும் சேர்த்துக் கற்க 4 ஆண்டுகள் செல்கின்றன. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தபின் எம்.டி. நோயியல் 3 ஆண்டுகள்.

இலங்கையில் இப்பொறுப்பு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துடையது. அது 1980இல் நிறுவப்பட்டது. அதற்கு முன் நம் வைத்தியர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்குச் சென்றே நிபுணத்துவத் தகுதி பெற்றார்கள். இங்கு நோயியல் ஒரே படிப்பல்ல. சதையை ஆராயும் இழைய நோயியல், இரத்தத்தை ஆராயும் குருதியியல், சீனி, கொழுப்பு போன்றவற்றை ஆராயும் இரசாயன நோயியல், கிருமிகளை ஆராயும் நுண்ணுயிரியல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எம்.டி. உண்டு.

வழி இதுதான். க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். பின் மருத்துவ பீடத்தில் 5 ஆண்டுகள். ஓராண்டு உள்ளகப் பயிற்சி. அரசாங்க வைத்தியசாலையில் சேவை. அதன்பின் தெரிவுப் பரீட்சை. தெரிவானவர் பதிவாளராகப் போதனா வைத்தியசாலை ஒன்றில் சேர்கிறார். எம்.டி. தேறியதும் சிரேஷ்ட பதிவாளராக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெற்ற பின்பே நிபுணர் ஆகிறார். உயர்தரம் முடித்த நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது.

இது நீண்ட காலமே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்க சேவையில் உள்ள வைத்தியர் பதிவாளராகப் பயிலும் காலத்தில் சம்பளமும் பெறுகிறார். பல்கலைக்கழகப் படிப்பும் இலவசம். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளை பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

மேசையருகே கற்பது

இப்படிப்பைப் புத்தகத்தால் மட்டும் முடிக்க இயலாது. பயிலும் வைத்தியர் காலையில் முதல்நாள் வந்த உறுப்புகளை வெட்டி ஆராய்கிறார். பின்பு கண்ணாடித் தட்டுகளைத் தனியே பார்த்துத் தன் முடிவை எழுதுகிறார். அடுத்து, இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டியின் முன் நிபுணரோடு அமர்கிறார். "ஏன் அப்படிச் சொன்னீர்?" என்று நிபுணர் கேட்கிறார். இப்படி ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்தே கண் பழகுகிறது. கொழுந்தையும் முற்றிய இலையையும் நம் தாய்மார் விரல் பட்டதும் பிரித்தறிவது போன்ற பழக்கம் இது. எவரும் அதை ஒரு நாளில் கற்றுக்கொடுக்க முடியாது.

இன்னொரு பாடமும் உண்டு. சந்தேகம் இருந்தால் "இத்துண்டு போதாது, மீண்டும் அனுப்புங்கள்" என்று எழுதத் துணிய வேண்டும். அவசரத்தில் எழுதிய ஒரு சொல் நல்ல மார்பை அகற்றவும் செய்யும். நோயுள்ளவரை வீட்டுக்கு அனுப்பவும் செய்யும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் இத்தொழிலின் பகுதியே.

நமக்கு ஏன் இந்த அக்கறை?

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் உள்ளது. வெற்றிலையோடு புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று பலர் எண்ணுகிறார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது. தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாரும் மெல்லுகிறார்கள்.

பெண்களுக்கென 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனை அங்கு இலவசம். அங்கு எடுக்கும் கலங்களும் ஆய்வுகூடத்தில் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

பார்ப்பவர் போதாவிட்டால் முடிவு தாமதமாகும். டயகமவிலிருந்து பஸ் ஏறி நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ செல்பவருக்கு அன்றைய பேர் இல்லை. பஸ் கூலியும் கையிலிருந்து. "இன்னும் வரவில்லை" என்ற பதிலை இரண்டு முறை கேட்டவர் மூன்றாம் முறை போகமாட்டார். அதற்குள் படை புண்ணாகிவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் சென்றமை இந்நிலையை மேலும் மோசமாக்கியது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, துண்டு எடுத்தால் முடிவைப் பெறாமல் விடக்கூடாது. திகதியையும் இலக்கத்தையும் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரைச் சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் பலர். வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர் என்றிருந்தால் முடிவு வேறொருவரின் கோவைக்குப் போகக்கூடும். அறிக்கை ஆங்கிலத்திலேயே வரும். அதன் பொருளை வைத்தியரிடம் தமிழில் கேட்டு அறிவது உங்கள் உரிமை.

இரண்டாவது, பிள்ளைகள். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் இன்னும் குறைவே. ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையும், வசதி குறைந்த மாவட்டங்களுக்கான ஒதுக்கீடும் உண்டு. நுவரெலியா மாவட்டம் அப்பட்டியலில் உள்ளது. அந்த இடம் நம் பிள்ளைகளுக்கும் உரியது. மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் மற்றொரு வழி. அதுவும் உயிர்காக்கும் பணியே.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோரே, விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் "நமக்கெதற்கு?" என்று சொல்லாதீர்கள். மலையேறி உழைத்த தாயின் கன்னத்திலிருந்து எடுத்த துண்டை, அவள் மொழி அறிந்த ஒருவர் பார்த்து, அவளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லும் நாள் வர வேண்டும். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டுமென்றால் இவ்வாண்டே தொடங்குவோம்.