சீன வாள் இரும்புக் கவசத்தை வெட்டுமா?

ஆங் லீ இயக்கி 2000இல் வெளிவந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்தில் பெயர்பெற்ற சண்டைக் காட்சி ஒன்று உண்டு. பயிற்சிக் கூடத்து ஆயுதங்களை ஒவ்வொன்றாக உருவி மோதுகிறார் மிஷேல் யோ. எதிரே ஜாங் ஸீயி. அவர் கையில் எதையும் வெட்டித்தள்ளும் பழம்பெரும் வாள். நடுவே மிஷேல் யோ ஒரு கனத்த ஆயுதத்தைத் தூக்கப்போய், பாரம் தாங்காமல் சாய்கிறார். திரையரங்கில் சிரிப்பலை எழும். ஆனால் எதிரி இரும்புக் கவசம் பூட்டி வந்திருந்தால், அந்த மாய வாளைவிட இந்தக் கனத்த ஆயுதம்தான் கைகொடுத்திருக்கும்.

சீன வாள்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. நேராக, இருபுறமும் கூருள்ளது ஜியான். ஒருபுறம் மட்டும் கூரும் மறுபுறம் தடித்த முதுகும் கொண்டது தாவ்; பிற்காலத் தாவ்கள் பெரும்பாலும் வளைந்தவை. மூத்தது ஜியான். 1965இல் ஹூபெய் மாநிலத்துக் கல்லறை ஒன்றில் கிடைத்த கௌஜியான் அரசனின் வெண்கல ஜியான் 55.6 சென்டிமீட்டர் நீளம், 875 கிராம் எடை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் இருந்தும் அதன் கூர் மழுங்கவில்லை.

ஹான் வம்சக் காலத்தில் குதிரைப்படை பெருகியதும் நிலைமை மாறியது. ஓடும் குதிரையிலிருந்து ஓங்கி வெட்ட, முதுகு தடித்த ஒற்றைக் கூர் வாளே தோது. அடித்துச் செய்வதும் எளிது, வீரனுக்குக் கற்றுத்தருவதும் எளிது. அப்படியாகப் படைவீரனின் இடுப்பில் தாவ் ஏறியது. ஜியான் மெல்ல மெல்ல அதிகாரிகள், அறிஞர்கள், தாவோயிசத் துறவிகள் ஆகியோரின் வாளானது. இன்று தாய் ச்சி பயில்வோர் கையில் இருப்பது அதன் வாரிசுதான்.

வூஷூ போட்டி மேடைகளில் பளபளத்து, சுழற்றும்போது சலசலவென்று ஓசை எழுப்பும் வாளைப் பார்த்துவிட்டுச் சீன வாளை எடைபோடக் கூடாது. அது காட்சிக்கென்றே மெல்லிய தகட்டில் செய்தது; எடை அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். விரலால் அழுத்தினாலே வளையும். தலைக்கவசத்தில் ஓங்கி அடித்தால் மடங்கிவிடும்.

போருக்கென்று செய்த பழைய ஜியானைக் கையில் எடுத்தால் வேறுபாடு உடனே தெரியும். பிடியருகே அலகு தடித்திருக்கும். முனையை நோக்கிப் போகப் போக அந்தத் தடிமன் பாதிக்கும் கீழே இறங்கும். அதனால் எடை பிடிப்பக்கமே தங்கி, முனை மணிக்கட்டின் சொல்படி கேட்கும். மொத்த எடை பெரும்பாலும் 700 கிராமிலிருந்து 1 கிலோவுக்குள். நல்ல அலகு மூன்று அடுக்குகளால் ஆனது: நடுவில் கடினமான எஃகு, இருபுறமும் மென்மையான இரும்பு. வெளிக்கூரில் எட்டிப்பார்ப்பது நடு எஃகு. உடையாமல் தாங்கிப்பிடிப்பது பக்க இரும்பு. அலகு கொஞ்சம் வளையும், விட்டதும் நேராகும். துணியும் தோலும் உடுத்த எதிரிக்கு இது எமன்.

அதே வாள் கவசத்திடம் திணறும். சீனக் கவசங்களில் முதன்மையானது, சிறு சிறு தகடுகளைத் தோல் வாரால் கோத்துச் செய்வது. சின் பேரரசனின் சுடுமண் படை புதைந்த இடத்துக்கு அருகே 1998இல் கிடைத்த கல் கவசங்கள் இந்த உத்தியைத் தெளிவாகக் காட்டுகின்றன. சுண்ணாம்புக்கல் தகடுகளைச் செம்புக் கம்பியால் கோத்திருந்தார்கள். கல்லறைக்கென்று செய்தவைதான், ஆனால் கோர்வை முறை நிஜக் கவசத்தின் நகல். தெற்குச் சொங் அரசு 1134இல் வகுத்த அளவின்படி, காலாட்படை வீரனின் முழுக் கவசத்தில் 1,825 இரும்புத் தகடுகள். எடை 45 முதல் 50 ஜின், அதாவது ஏறத்தாழ 30 கிலோ. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிவதால், வெட்டு விழும் இடத்தில் பெரும்பாலும் இரண்டு தகடுகள் இருக்கும். கோர்வை சற்றே நெகிழ்ந்து கொடுக்க, வெட்டின் வேகம் அக்கம்பக்கத் தகடுகளுக்கும் பரவி அடங்கிவிடும். ஒரு கிலோ வாள் அங்கே கீறல் போடலாம், கோத்த வாரை அறுக்கலாம். உள்ளே இருக்கும் உடலை எட்டாது.

இதைச் சீனப் படைத்தலைவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1044இல் தொகுக்கப்பட்ட 'வூஜிங் ஸோங்யாவ்' என்ற போர்க்கலைக் களஞ்சியத்தில் வாள்களோடு முள் தலைக் கதாயுதங்கள், இரும்புத் தண்டங்கள், கோடரிகள் ஆகியவற்றின் படங்களும் இருக்கின்றன. இவை கவசத்தைக் கிழிக்க முயல்வதில்லை. கவசத்துக்குள் இருக்கும் எலும்பை நொறுக்கப் பார்க்கின்றன. 1140இல் யான்செங் போரில் ஜின் நாட்டின் கனக்கவசக் குதிரைப்படையை எதிர்கொண்ட சொங் தளபதி யூ ஃபெய்யின் காலாட்படை நீண்ட தாவ்களையும் பெருங்கோடரிகளையும் ஏந்தியிருந்தது. குதிரையின் கால்களை வெட்டு என்பதே அவர்களுக்கு இட்ட கட்டளை. குதிரை விழுந்தால் கனக்கவசமே சவாரிக்காரனுக்கு எதிரியாகிவிடும்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 15ஆம் நூற்றாண்டின் முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. அதன் எதிரே நின்ற இருகை நெடுவாள் ஒன்றரைக் கிலோவை ஒட்டியது. சினிமாவில் காட்டுவதுபோல மார்புத் தகட்டை அதுவும் பிளக்கவில்லை. ஜெர்மன் வாள் ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் 1467ஆம் ஆண்டுச் சித்திரச் சுவடியில், கவச வீரர்கள் வாளை வீசுவதற்குப் பதிலாக இடக்கையால் அலகின் நடுவையே பற்றி, அதைக் குட்டை ஈட்டியாக்கி, அக்குளிலும் முகத்திலும் இருக்கும் இடைவெளிகளில் குத்துகிறார்கள். சில படங்களில் வாளைத் தலைகீழாகப் பிடித்து, குறுக்குக் காப்பாலும் அடிக் குமிழாலும் மண்டையில் அடிக்கிறார்கள். அங்கே வாள் சுத்தியலாகிவிடுகிறது.

இந்த வேலைக்கு ஜியானைவிட நெடுவாள் பொருத்தமானது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். எடை கூடுதல், பிடி இரு கைகளுக்கும் இடம் தரும், அலகு விறைப்பாக இருக்கும். பிற்கால நெடுவாள்களின் முனை வளையக் கவசத்தின் கண்ணிக்குள் நுழைவதற்கென்றே ஒடுங்கியது. ஒற்றைக்கை ஜியானோ கவசம் அணியாத உடலையே இலக்காகக் கொண்டது. பிற்கால ஜியான்கள் பலவற்றின் முனை சற்று அகன்றே இருக்கும்.

கவசத்தைக் கழற்றிவிட்டு வாளும் வாளும் மோதினால்? அங்கே தீர்மானிப்பவை இரண்டு: எட்டும் தூரமும் கைக்காப்பும். 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய ரேப்பியர் வாளுக்கு அலகு மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல். ஜியானின் அலகு பொதுவாக 70, 80 சென்டிமீட்டர். ரேப்பியரின் பிடியைச் சுற்றி வளைகம்பிகள் கூண்டு கட்டியிருக்கும். ஜியானின் காப்பு சிறியது. விரல்களும் மணிக்கட்டும் வெளியே தெரியும். திறந்த வெளியில் தனித்தனியாக நின்றால் ரேப்பியருக்கே சாதகம். ஜியான்காரர் அந்த முனையைத் தட்டி விலக்கி உள்ளே பாய்ந்துவிட்டால் கணக்கு புரளும். நெருக்கத்தில் நீள வாள் சுமைதான். இருபுறக் கூர் கொண்ட லேசான வாள் எந்தக் கோணத்திலிருந்தும் அறுக்கும்.

ஆனால் சீனப் போர்வீரன் வெறும் வாளோடு தனியே களத்தில் நிற்பது அரிது. மிங் தளபதி ச்சீ ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்க்க வகுத்த அணியில் தாவ் ஏந்தியவனுக்குக் கேடயமும் உண்டு. அவனுக்குப் பின்னே கிளைகள் விட்ட நீண்ட மூங்கில் ஆயுதம், அதற்கும் பின்னே ஈட்டிக்காரர்கள். மூங்கில் எதிரியின் வாளைச் சிக்கவைக்கும், ஈட்டி குத்தும். கேடயக்காரன் முன்னே மறைத்து நிற்பான்; எதிரி நெருங்கிவிட்டால்தான் தாவுக்கு வேலை. கைக்காப்பு சிறிதாக இருந்தது ஒரு குறையாகத் தோன்றாததற்குக் காரணம் இடக்கையில் இருந்த பிரம்புக் கேடயம்.

ஐரோப்பியரும் சீனரும் நேருக்கு நேர் மோதிய ஒரு பெரும்போர் 1661இல் தைவானில் நடந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸீலண்டியா கோட்டையைச் சீனத் தளபதி ஜெங் செங்கொங் முற்றுகையிட்டார். ஐரோப்பியர் அவரைக் கோக்ஸிங்கா என்று அழைத்தார்கள். கோட்டையை இழந்த ஆளுநர் ஃப்ரெடெரிக் கோயெட்டின் தரப்பைச் சொல்லி 1675இல் வெளிவந்த டச்சு நூல் எதிரிப் படையை விவரிக்கிறது: உடலின் மேற்பகுதியைக் கூரை ஓடுகளாக அடுக்கிய இரும்புச் செதில்கள் மூட, கையும் காலும் திறந்து கிடந்தன. சிலரிடம் கேடயமும் வாளும். வேறு பலரிடம், பாதி ஆள் உயரக் கம்பில் பொருத்தி இரு கையாலும் வீசும் பெரிய வாள். துப்பாக்கிக் குண்டையே அந்தக் கவசம் தாங்கியதாக அந்நூல் சொல்கிறது. டச்சுக் கேப்டன் பெடல் 240 பேரோடு, ஒரு சுற்று சுட்டால் சீனர்கள் சிதறிவிடுவார்கள் என்று நம்பி மணல்திட்டில் இறங்கினார். அவர்கள் சிதறவில்லை. பெடலும் அவருடைய ஆட்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும் அங்கேயே மாண்டார்கள். 1662 பிப்ரவரியில் கோட்டை சரணடைந்தது. எந்த நாட்டு வாள் சிறந்தது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. கவசமும் எண்ணிக்கையும் அணி குலையாத ஒழுங்கும்தான் வென்றன.

துப்பாக்கி வலுவடைய வலுவடைய இரும்புக் கவசம் களத்தைவிட்டுப் போனது. கவசம் போனதும் வெட்டும் வாளுக்கு மீண்டும் கொஞ்சம் இடம் கிடைத்தது. 1933 மார்ச்சில் சீனப் பெருஞ்சுவரின் ஷீஃபெங்கோவ் கணவாயில் ஜப்பானியரை எதிர்த்த 29ஆம் படையினர் முதுகில் தாதாவ் என்ற அகன்ற, கனத்த வாளைக் கட்டியிருந்தார்கள். போதுமான துப்பாக்கிகள் இல்லாத படைக்கு ஊர்க் கொல்லர்களும் அடித்துத் தரக்கூடிய ஆயுதம் அது. பிடி நீளமாக இருந்ததால் இரு கையாலும் ஓங்கலாம். இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே பகலில் வாளோடு ஓடினால் சாவுதான் என்பதால் அவர்கள் இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். இருளில் மலைப்பாதை வழியே சுற்றிப்போய், ஜப்பானியரின் முகாமுக்குள் புகுந்து வெட்டினார்கள்.