தனியாள் கணக்கு – 6: முப்பத்தைந்து வயதுவரை பொறு

சென்ற வாரம் ஹரியானாவில் இருந்தோம். கல்யாணம் ஆகாத 45 முதல் 60 வயதுக்காரர்களில் வருமானம் குறைந்தவர்களுக்கு மாதம் 2,750 ரூபாய் பென்ஷன் என்று 2023-ல் அறிவித்தார் அப்போதைய முதல்வர் மனோகர் லால் கட்டர். அவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்தான். அங்கே அரசு தனியாளைப் பார்த்து இரக்கப்பட்டது. இந்த வாரம் சிங்கப்பூர். இங்கே அரசு தனியாளைக் காத்திருக்கச் சொல்கிறது.

சிங்கப்பூர்க்காரர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் குடியிருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். அங்குள்ள தமிழர்கள் சுருக்கமாக வீவக என்பார்கள். 99 வருடக் குத்தகை. மத்திய சேமநிதியில் சேர்ந்த பணத்திலேயே பலரும் தவணையை அடைத்துவிடுவார்கள். ஏழைகளுக்கு மட்டுமான ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர், செவிலியர், டாக்சி ஓட்டுநர் எல்லாரும் ஒரே புளோக்கில் இருப்பார்கள். தனியார் வீட்டின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. ஆகவே வீவக யாருக்கு விற்கிறதோ அவருக்குத்தான் சொந்த வீடு.

வீவக முதலில் விற்பது குடும்பத்துக்கு. 21 வயது நிரம்பிய ஜோடி, பதிவுத் திருமணம்கூட ஆகாமல், மணக்கப்போகிறவர்கள் என்ற கணக்கிலேயே புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டி முடிய சில வருடங்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறார்கள். இந்த முன்பதிவுத் திட்டத்துக்குப் பிடிஓ என்று பெயர். “பிடிஓ போடலாமா?” என்று கேட்பதுதான் அங்கே காதலைச் சொல்லும் வழி என்று கேலிகூட உண்டு. சாவி வருவதற்குள் காதல் முறிந்து, கட்டிய பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

மணமாகாத தனியாளுக்கு 35 வயதாக வேண்டும். விவாகரத்தானவருக்கும் அதே வயது. துணையை இழந்தவருக்கோ 21 போதும். ஒரே அலுவலகத்தில், ஒரே சம்பளத்தில், 25 வயதில் இரண்டு பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவனை இழந்தவள் தன் பெயரில் வீடு கேட்கலாம். மணக்காதவள் இன்னும் பத்து வருடம் அப்பா அம்மா வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். ஒருமுறை தாலி ஏறியிருந்தால்தான் ஆள் முழுதாக வளர்ந்தவள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பது உண்டு. அதையே ஒரு நவீன அரசு விதியாக எழுதி வைத்திருக்கிறது.

கதவு திறந்ததும் மெல்ல மெல்லத்தான். 1991-ல் தனியாட்களுக்கு மறுவிற்பனை வீடு வாங்க அனுமதி கிடைத்தது. அதுவும் மூவறைக்கு மேல் கூடாது. 2004-ல் அந்த அளவுக் கட்டுப்பாடு போனது. புது வீடு 2013-ல்தான் வந்தது, ஈரறை மட்டும். 2024 அக்டோபர் முதல் எந்தப் பேட்டையிலும் அந்த ஈரறையை வாங்கலாம். அதில் பெரியதே ஏறக்குறைய 500 சதுர அடிதான்.

பணத்திலும் சரிபாதி. புது வீடு வாங்கக் குடும்பத்துக்கு மாத வருமான உச்சவரம்பு 14,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தனியாளுக்கு 7,000. 2024-ல் உயர்த்திய சேமநிதி மானியம் குடும்பத்துக்கு 1,20,000 வெள்ளிவரை, தனியாளுக்கு 60,000. ஒரு சம்பளம்தானே என்று வருமான வரம்பைப் பாதியாக்கியதை ஏற்கலாம். ஆனால் தனியாள் என்பதற்காகச் சமையலறையும் கழிப்பறையும் பாதி விலைக்கு வருவதில்லையே!

மணமாகாத தாயின் நிலை இதைவிட மோசம். அவளும் பிள்ளையும் வீவக கணக்கில் குடும்பம் ஆவதில்லை, அவள் தனியாள். 2017 முதல் மணமான தாய்க்குச் சமமாக 16 வார பேறுகால விடுப்பு தந்துவிட்டார்கள். ஆனால் குழந்தைப் பிறப்புக்கான ரொக்க அன்பளிப்பு இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில், ஒற்றைப் பெற்றோரின் வீட்டுப் பிரச்சினையை மனுவாக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார் உறுப்பினர் லூயிஸ் இங். விதி மாறவில்லை, அவரவர் நிலைமையைத் தனித்தனியே பார்ப்போம் என்ற நிலையில்தான் அரசு நின்றது. கருமுட்டை விஷயத்தைக் கேளுங்கள்: 2023 ஜூலை முதல் மணமாகாத பெண் உறையவைத்துக்கொள்ளலாம், பயன்படுத்த மட்டும் சட்டப்படி கணவன் வேண்டும்.

அரசு சொல்லும் காரணங்கள் இரண்டு. நிலம் குறைவு, மணவாழ்க்கைக்குள் பிள்ளை பெறுவதை ஊக்குவிக்க வேண்டும். முதலாவதை மறுக்க முடியாது, சென்னை மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்குகூட இல்லாத தீவு அது. ஆனால் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல வீடுகளில் மணமாகாத பிள்ளை தலையில்தான் விழுகிறது. பெற்றோருக்கு அருகில் புது வீடு கேட்கும்போது மணமானவர்களுக்குச் சமமான முன்னுரிமை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க 2025 ஆனது.

இரண்டாவது காரணத்துக்குக் கணக்கே பதில் சொல்லிவிட்டது. வீட்டைக் காட்டி இத்தனை காலம் கல்யாணத்துக்கு அழைத்தும், 2023-ல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97-க்கு இறங்கியது. அது ஒன்றுக்குக் கீழே போனது அதுவே முதல் முறை.

(அடுத்த வாரம்: ரேஷன் கார்டில் ஒற்றைப் பெயர்)