நிலமும் சட்டமும் – 14: சாலை எதுவரை, வீடு எதுவரை?

சாலை விரிவாக்கத்தில் வீட்டுக்காரரின் உரிமை, வருவாய்த்துறைப் புலப்படத்தில் உள்ள ஒரு கோட்டைப் பொறுத்தது. சுவரில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டதும் பலரும் முதலில் கேட்பது, நஷ்டஈடு எவ்வளவு என்று. அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, குறி விழுந்த இடம் பட்டா நிலமா, சாலைப் புறம்போக்கா என்பது. திண்ணையும் படிக்கட்டும் புறம்போக்கில் இருந்தால் அவை ஆக்கிரமிப்பு. நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். கோட்டைத் தாண்டிப் பட்டா நிலத்தில் ஓர் அடி வேண்டுமென்றாலும் சட்டப்படி கையகப்படுத்தி, பணம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் மகராஜ்கஞ்சில் 2019 செப்டம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறு. தேசிய நெடுஞ்சாலை 730-ஐ அகலப்படுத்துவதற்காக ஒரு வீடு இடிக்கப்பட்டது. எழுத்தில் நோட்டீஸ் இல்லை, தண்டோரா போட்டதோடு சரி. ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் சொன்னது 3.70 மீட்டர், இடித்ததோ அதைவிட மிக அதிகம். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான நடைமுறையையும் வகுத்தது. முதலில் ஆவணப்படி சாலையின் அகலம் என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். ஆக்கிரமிப்பு தெரிந்தால் எழுத்தில் நோட்டீஸ், ஆட்சேபம் வந்தால் காரணம் சொல்லும் உத்தரவு, அகற்றிக்கொள்ள அவகாசம். இருக்கும் அகலம் போதாவிட்டால் நிலத்தைக் கையகப்படுத்திய பிறகே வேலை. வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு இது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் பொருந்தும். நிலத்தை எடுக்கும் உத்தேசத்தைத் தெரிவிக்கும் 3ஏ பிரிவு அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். அறிவிக்கையில் பெரும்பாலும் கண்ணில் படுவது சர்வே எண் மட்டுமே. ஓராண்டுக்குள் கையகப்படுத்தலை உறுதிசெய்யும் 3டி பிரிவு அறிவிப்பு வராவிட்டால் 3ஏ காலாவதியாகும். வந்துவிட்டால் நிலம் அரசுடையது. ஆனாலும் தொகையைச் செலுத்திய பிறகே, 60 நாள் நோட்டீஸ் கொடுத்து இடத்தைக் கேட்கலாம். மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் தனியாக இருக்கிறது.

தொகையைக் கணக்கிடுவது 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் அடிப்படையில். வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்துக் கிரையப் பத்திரங்களின் சராசரி ஆகியவற்றில் உயர்ந்தது சந்தை மதிப்பு. அதற்கு மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் ஊரையே பாதிப்பது இந்த இடத்தில்தான். தேசிய நெடுஞ்சாலைக்கான தொகை போதாதென்றால் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போகலாம்.

முன்பாதி மட்டும் போகும் வீடுதான் பெரிய கொடுமை. இடித்த மறுநாள் சமையல்கட்டின் கரிபடிந்த சுவர் நடுச்சாலையைப் பார்த்து நிற்கும். மாடிப்படி அந்தரத்தில் தொங்கும். போன சதுர அடிக்கு மட்டும் பணம் வாங்கினால் நஷ்டம். துண்டிப்பால் மீதிப் பகுதிக்கும் வருமானத்துக்கும் ஏற்பட்ட சேதத்தையும், குடிமாறும் செலவையும் 1956 சட்டத்தின் கீழேயே கேட்கலாம். 2013 சட்டத்தின்கீழ் நேரடியாக எடுக்கும்போது, முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் உரிமை உண்டு.

பட்டாவையும் கவனிக்க வேண்டும். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு 3ஏ அறிவிக்கை வந்ததுமே நிலங்களை அரசு பெயருக்கு மாற்றியதை 2020 டிசம்பர் 8 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 3டி வரும்வரை பட்டா உரிமையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும். வந்த பிறகும் உட்பிரிவு செய்து, மிஞ்சிய சென்ட் அவர் பெயரில் சரியாக ஏறியிருக்க வேண்டும்.